பெரியவரைப் பார்த்துக்கொள்ள ஆள்: ஏஜென்சியா, கம்பெனியா, நாமே தேடுவதா?

ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் தேதி சொல்லியாகிவிட்டது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் அசைவில்லை. மூக்கில் ட்யூப், கட்டிலோரம் யூரின் பேக். அம்மாவுக்கே எழுபது தாண்டிவிட்டது. பிள்ளைகள் ஒருவர் பெங்களூரில், ஒருவர் துபாயில். இரண்டு நாளில் ஆள் பிடித்தாக வேண்டும். ஏஜென்சியில் சொல்வதா, பெரிய ஹோம்கேர் கம்பெனியில் எடுப்பதா, ஊரில் தெரிந்த யாரையாவது கூட்டி வருவதா? வாசகர்கள் கேட்பதில் பாதி இந்த மாதிரிதான். மீதிப் பாதி வேறு: “ஆள் வைத்து ஆறு மாதம் ஆகிறது. சரியாகத்தான் பார்க்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?”

இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. நல்ல பராமரிப்பு என்றால் என்னவென்று முதலில் தெரிந்துகொள்ளாமல் தேட ஆரம்பித்தால், யார் சீக்கிரம் ஆள் அனுப்புகிறார்களோ அவர்கள்தான் அமைவார்கள்.

தமிழ்நாட்டில் 2021-இல் மக்கள்தொகையில் 13.6 சதவீதம் பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. தேவை இவ்வளவு பெருகியும் சட்டம் பின்தங்கியே நிற்கிறது. 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தைத் திருத்தி, வீட்டுப் பராமரிப்புச் சேவை தருகிறவர்களும் பதிவு செய்தாக வேண்டும் என்று ஆக்குவதற்கு 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு மசோதா வைத்தார்கள். அது நிறைவேறவில்லை, 2024-இல் அந்த மக்களவை முடிந்ததோடு காலாவதியாகிவிட்டது. ஆக, தரம் பார்க்கும் வேலை நம் தலையில்தான்.

## முதலில், தேவை என்ன?

இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிட்டு நேராக ரேட் பேசப் போகிறவர்கள்தான் அதிகம் செலவழிக்கிறார்கள்.

ஊசி, ட்ரிப்ஸ், சக்ஷன் (சளியை உறிஞ்சி எடுப்பது), மூக்கு ட்யூப் மாற்றுவது, கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போடுவது, ஆழமான புண்ணுக்கு டிரெஸ்ஸிங் எல்லாம் பதிவு பெற்ற நர்ஸ் செய்ய வேண்டியவை. குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, புரட்டிப் படுக்க வைப்பது, ஊட்டிவிடுவது, வாக்கரோடு நடக்க வைப்பது ஆகியவற்றுக்கு நல்ல பழக்கமுள்ள அட்டெண்டர் போதும். ட்யூப் வழியாகக் கஞ்சி கொடுப்பதைக்கூட நர்ஸ் சொல்லிக்கொடுத்தால் அவர் கற்றுக்கொள்வார். மூன்றாவது வகை, மறதி நோய் உள்ளவருக்கான துணை. கதவைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போய்விடாமல், அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துவிடாமல் கூடவே இருக்க வேண்டும். அதற்குப் படிப்பைவிடப் பொறுமைதான் முக்கியம்.

பல வீடுகளில் 12 மணி நேரத்துக்கு நர்ஸ் வைத்திருப்பார்கள். கூட்டிப் பார்த்தால் நர்ஸ்தான் செய்ய வேண்டிய வேலை அதில் முக்கால் மணி நேரம் இருக்கும். அந்த மாதிரி வீட்டில் முழு நேர அட்டெண்டர் ஒருவர், தினமும் ஒரு முறை அல்லது வாரம் இரண்டு மூன்று முறை வந்துபோகும் நர்ஸ் ஒருவர் என்று பிரித்துக்கொண்டால் செலவு கணிசமாகக் குறையும், கவனிப்பும் குறையாது. டிஸ்சார்ஜ் சம்மரியை வைத்துக்கொண்டு வார்டு நர்ஸிடமே கேளுங்கள்: “இதில் எதை நாங்களே செய்யலாம், எதற்கு நர்ஸ் வேண்டும்?” ஐந்து நிமிடப் பேச்சு.

## எதை வைத்து அளப்பது

பயிற்சி. நர்ஸ் படிப்புகளில் ஏ.என்.எம். 2 ஆண்டு, ஜி.என்.எம். 3 ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு. நர்ஸாக வேலை செய்ய மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு வேண்டும். அதற்கு ஒரு எண் இருக்கும். அட்டெண்டருக்கு அப்படி எதுவும் கிடையாது. ஜெனரல் டியூட்டி அசிஸ்டெண்ட், ஹோம் ஹெல்த் எய்ட் என்ற பெயரில் குறுகிய காலப் பயிற்சிச் சான்றிதழ் சிலரிடம் இருக்கும், பலரிடம் அதுவும் இருக்காது. சான்றிதழ் இல்லாமலே அருமையாகப் பார்த்துக்கொள்கிறவர்கள் நிறைய. ஆனால் நர்ஸ் ரேட் பேசிவிட்டு அட்டெண்டரை அனுப்பும் இடங்களும் உண்டு. பதிவு எண்ணை வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம் பேச்சு எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

மேற்பார்வை. வீட்டார் தவிர வேறு யாராவது இவர் வேலையைப் பார்க்கிறார்களா? நேரில் வருவார்களா, போனிலேயே விசாரித்துவிட்டு நிறுத்திக்கொள்வார்களா? கட்டிலை இழுத்து, நோயாளியைப் புரட்டி, முதுகைப் பார்க்கிற மேற்பார்வையாளர் வேறு, வாசலில் நின்று “எல்லாம் ஓகேவா மேடம்?” என்று கேட்டுப் போகிறவர் வேறு.

ஆள் வராத நாள். என் கணக்கில் மிகக் கனமான அளவுகோல் இதுதான். எந்தச் சேவையும் நல்ல நாளில் நன்றாகத்தான் தெரியும். ஞாயிறு காலை ஆறரைக்கு அட்டெண்டர் “அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போகிறேன்” என்று சொன்னால், பத்து மணிக்குள் அந்த வீட்டில் யார் இருப்பார்கள்? பொங்கலுக்கும் தீபாவளிக்கும் என்ன ஏற்பாடு? இதற்குப் பெயரோடும் நேரத்தோடும் பதில் சொல்லும் இடம் தரமான இடம்.

பெரியவரின் உடம்பு. சர்டிபிகேட், ஸ்டார் ரேட்டிங் எல்லாவற்றையும்விட நேர்மையான சாட்சி அதுதான். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

படுத்த படுக்கையாக இருப்பவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டும். ஏர் பெட் வாங்கிப் போட்டாலும் புரட்டத்தான் வேண்டும். வாரம் ஒரு முறையாவது நீங்களே வால் எலும்புப் பக்கம், இடுப்பின் இரு புறம், குதிகால், காதுக்குப் பின்புறம் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளிறிவிட்டுப் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். வெளிறாமலே இருந்தால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நம் ஊர் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சிவப்பு சட்டென்று தெரியாது. புறங்கையால் தொட்டு, அந்த இடம் மட்டும் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புண் வந்தாலே அட்டெண்டர் மோசம் என்று முடிவு கட்டவும் கூடாது. மிகவும் நலிந்த உடம்பில் நல்ல கவனிப்பையும் மீறி வரும். வந்ததை அவர் முதல் நாளே சொன்னாரா, நீங்களாகப் போர்வையை விலக்கித் தெரிந்துகொண்டீர்களா என்பதில்தான் வித்தியாசம்.

யூரின் பேக் எங்கே தொங்குகிறது என்று கவனியுங்கள். அது எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்க வேண்டும், தரையில் படக் கூடாது. வீல் சேருக்கு மாற்றும்போது பேக்கைத் தூக்கி நோயாளி மடியில் வைக்கிறவருக்கு யாரும் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. ட்யூபில் கஞ்சி போகும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். முடிந்து அரை மணி நேரத்துக்காவது அப்படியே இருக்க வேண்டும். ஊற்றியதும் படுக்க வைத்தால் கஞ்சி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும்.

இன்னும் இரண்டை யாரும் எளிதில் வெளியே சொல்வதில்லை. டயப்பர் மாற்றும் வேலை குறையட்டும் என்று தண்ணீரைக் குறைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நாக்கு வறண்டிருக்கிறதா, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறதா, திடீரென்று மலச்சிக்கலா என்று பாருங்கள். இன்னொன்று, ராத்திரி தொந்தரவு இருக்கக் கூடாதென்று தூக்க மாத்திரையைக் கூட்டிக் கொடுப்பது. பகலெல்லாம் மந்தமாகத் தூங்கி வழிந்தால் மாத்திரை அட்டையை எண்ணிப் பாருங்கள்.

நோட்டுப் புத்தகமும் பேசும். புரட்டிய நேரம், சாப்பாடு, தண்ணீர், சிறுநீர், சுகர், பிரஷர் எல்லாம் எழுதச் சொல்லியிருப்பீர்கள். காலை 6, 8, 10, 12 என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில், அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தால் சாயங்காலம் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதியது. “10.20: புரட்ட விடவில்லை, வலிக்கிறது என்றார்” என்று ஒரு வரி கோணலாக இருந்தால் அந்த நோட்டை நம்பலாம்.

பேச்சும் மரியாதையும். டயப்பர் மாற்றும்போது கதவைச் சாத்துகிறாரா, திரை போடுகிறாரா? “ஐயா, இந்தப் பக்கம் திரும்பப் போறோம்” என்று சொல்லிவிட்டுத் தொடுகிறாரா? அவர் அறைக்குள் வரும்போது பெரியவர் முகம் எப்படி மாறுகிறது? பேச்சு வராதவர்களிடம் இது ஒன்றுதான் நமக்குக் கிடைக்கும் வாக்குமூலம்.

முழுச் செலவு. பேசிய ரேட்டைப் போல இன்னொரு பங்கு சுற்றியிருக்கும். கீழே ஒவ்வொன்றிலும் வருகிறது.

## 1. பேட்டை ஏஜென்சி

நகரத்தில் ஆஸ்பத்திரி இருக்கும் தெருவெல்லாம் இவர்கள் போஸ்டர்தான். ஒரு சின்ன ஆபீஸ், இரண்டு போன், ஒரு பெயர்ப் பட்டியல். முதலில் பதிவுக் கட்டணம் அல்லது அட்வான்ஸ், அப்புறம் தினக் கணக்கில் சம்பளம். அதில் ஒரு பங்கு ஏஜென்சிக்கு, மீதி வேலை செய்கிறவருக்கு.

பயிற்சி ஆளுக்கு ஆள் மாறும். பத்து வருடம் வார்டில் வேலை பார்த்தவரும் வரலாம், நேற்று ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தவரும் வரலாம். ரேட் மட்டும் ஒன்றுதான். மேற்பார்வை பெரும்பாலும் இல்லை; வீட்டில் இருப்பவர்தான் சூப்பர்வைசர். வராத நாளில் இவர்கள் பரவாயில்லை. கையில் நாலு பேர் இருப்பார்கள், மதியத்துக்குள் ஒருவர் வந்துவிடுவார். ஆனால் வருகிறவருக்கு உங்கள் அப்பாவைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மறைந்திருக்கும் செலவு அந்த மாற்றங்களில்தான். ஒவ்வொரு புது முகத்துக்கும் எந்தப் பக்கம் தூக்கினால் வலிக்கும், எந்த மாத்திரையைப் பொடிக்கக் கூடாது என்று முதலிலிருந்து சொல்ல வேண்டும். சில இடங்களில் குறிப்பிட்ட நாளுக்குள் மட்டும்தான் இலவச ரிப்ளேஸ்மெண்ட். அதற்கு மேல் மறுபடி பதிவுக் கட்டணம். நீங்கள் கொடுப்பதில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்பதையும் விசாரியுங்கள். அது அடிமாட்டு விலையாக இருந்தால் நூறு ரூபாய் கூடக் கிடைக்கும் வீட்டுக்கு அவர் போய்விடுவார், அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

எப்போது சரி: வேலை குளிப்பாட்டுவது, ஊட்டுவது அளவில் இருந்து, வீட்டிலேயே விவரமான ஒருவர் இருந்து, ஆள் உடனே தேவைப்பட்டால். இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் துணை தேவைப்படுகிற வீட்டுக்கு இதற்கு மேல் வேண்டாம்.

## 2. ஹோம்கேர் கம்பெனி

ஆப், கஸ்டமர் கேர், சீருடை, மாதா மாதம் பில். நர்ஸ் ஒருவர் வந்து நோயாளியைப் பார்த்துவிட்டுக் கவனிப்புத் திட்டம் எழுதுவார். பிசியோதெரபிஸ்ட், ஆக்சிஜன், ஆஸ்பத்திரிக் கட்டில் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். நர்ஸின் பதிவு எண்ணைக் கேட்டால் தயங்காமல் தருவார்கள். தர வேண்டும்.

மேற்பார்வைதான் இவர்கள் விற்கும் சரக்கு. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் அதற்குத்தான். எனவே அது நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் மாதம் சூப்பர்வைசர் இரண்டு முறை வருவார், இரண்டாவது மாதம் ஒரு முறை, அப்புறம் போன் மட்டும் என்று தேய்ந்துபோவதுதான் வழக்கமான புகார். கட்டில் பக்கத்தில் உட்காருகிற அட்டெண்டர் பல நேரம் பேட்டை ஏஜென்சியில் இருந்த அதே ஆள்தான். ஆள் பஞ்சம் எல்லோருக்கும் பொது. சூப்பர்வைசர் வரவும் இல்லையென்றால் அதே ஆளுக்குக் கூடுதல் விலை கொடுத்ததுதான் மிச்சம்.

வராத நாளில் கால் சென்டருக்குப் போன் போகும். டிக்கெட் நம்பர் வரும். ஆள் எப்போது வருவார் என்பது ஊரைப் பொறுத்தது. சென்னை, கோயம்புத்தூரில் ஓரளவு சமாளிப்பார்கள். சின்ன ஊரில் அந்த ஆப் திறந்தாலே “உங்கள் பகுதியில் சேவை இல்லை” என்று வரும்.

மறைந்திருக்கும் செலவுகள்: மாத பேக்கேஜை முன்பணமாக வாங்கிக்கொண்டு, பாதியில் நிறுத்தினால் திருப்பித் தர இழுப்பது. நடுவில் நோயாளி ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால் அந்த நாட்களுக்கும் சார்ஜ் போடுவது. கையுறை, டிரெஸ்ஸிங் சாமான் எல்லாவற்றையும் தனித்தனியாக பில் போடுவது. சொன்ன ரேட்டில் ஜி.எஸ்.டி. சேர்ந்ததா இல்லையா என்பது. மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துவிடாதீர்கள். சாதாரண பாலிசிகளில் அட்டெண்டர் சம்பளம் வராது. பாலிசி ஆவணத்தை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து.

எப்போது சரி: ட்ரக்கியாஸ்டமி (மூச்சு விடக் கழுத்தில் துளையிட்டுப் போட்ட குழாய்), சக்ஷன், ஆழமான புண் என்று உண்மையிலேயே நர்ஸ் வேலை இருக்கும்போது. பிள்ளைகள் எல்லோரும் வெளியூரில் இருந்து, உள்ளூரில் கேட்க நாதியில்லாதபோது. ஐ.சி.யூ.விலிருந்து நேராக வீட்டுக்கு வரும் முதல் ஒரு மாதம்.

## 3. நாமே தேடி வைக்கும் ஆள்

தெரிந்தவர் மூலம், பக்கத்து வீட்டில் வேலை முடிந்தவர், ஆஸ்பத்திரி ஆயாவின் தங்கை. பணம் முழுக்க அவர் கைக்குப் போகிறது. ஒரே முகம் வருடக் கணக்கில் இருக்கும். மறதி நோய் உள்ளவர்களுக்கு இந்த ஒரே முகம் மருந்து மாதிரி. ஆள் மாறிக்கொண்டே இருந்தால் பயமும் ஆத்திரமும் அதிகமாகும். மொழியும் அப்படித்தான். ஞாபகம் குறையக் குறையப் பெரியவர்கள் தாய்மொழிக்குத் திரும்பிவிடுவார்கள். தமிழ் தெரியாத அட்டெண்டர் எவ்வளவு நல்லவரானாலும் “வயித்த வலிக்குது” என்று முனகுவது அவருக்குப் புரியாது.

பயிற்சி நீங்கள் கொடுப்பதுதான். டிஸ்சார்ஜுக்கு முன்பே அவரை வார்டுக்குக் கூட்டிப்போய், நர்ஸ் செய்வதைப் பார்க்கவைத்து, ஒரு முறை அவர் கையாலேயே செய்யவைத்துக் கூட்டி வாருங்கள். மேற்பார்வையும் நீங்கள்தான். வராத நாளில் மாட்டிக்கொள்வீர்கள். இந்த ஏற்பாடு உடைவது எப்போதும் இங்கேதான். இரண்டாவது ஆள் ஒருவரை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வைத்துப் பழக்கிவிட்டால் பாதி பயம் தீரும்.

கண்ணுக்குத் தெரியாத செலவு, நீங்கள் முதலாளி ஆகிவிடுவது. வார லீவு, ஊருக்குப் போக பஸ் சார்ஜ், தீபாவளிக்குத் துணி, பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்ட அட்வான்ஸ், அவருக்கே காய்ச்சல் வந்தால் டாக்டர். இதெல்லாம் வரும், வருவதும் நியாயம். 2007-இல் அமைந்த வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் அவர் பதிவு செய்துகொள்ள நீங்கள் உதவலாம். சேர்ப்பதற்கு முன், தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் வீட்டு வேலையாள் பற்றிய சரிபார்ப்புக்கு விண்ணப்பியுங்கள். தெரிந்தவர் சொன்னார் என்று இதை விட்டுவிடுவார்கள். சங்கடம் எல்லாம் தெரிந்தவர் சொன்ன ஆளிடம்தான் வரும்.

எப்போது சரி: நீண்ட காலத் தேவை, உடல் நிலை நிதானமாக இருப்பது, வீட்டில் அல்லது பக்கத்துத் தெருவில் பொறுப்பான ஒருவர் இருப்பது. இந்த மூன்றும் சேர்ந்தால் என் ஓட்டு இதற்குத்தான்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பேட்டை ஏஜென்சி | ஹோம்கேர் கம்பெனி | நாமே வைப்பவர் |
|---|---|---|---|
| பயிற்சி | ஆளுக்கு ஆள் மாறும் | நர்ஸுக்குப் பதிவு எண். அட்டெண்டரைச் சோதிக்க வேண்டும் | நாம் சொல்லிக்கொடுப்பது |
| மேற்பார்வை | வீட்டார் | உண்டு, தேய்ந்துபோகலாம் | வீட்டார் |
| வராத நாள் | பெரும்பாலும் மதியத்துக்குள் மாற்றாள் | நகரத்தில் சமாளிப்பார்கள் | நாமே ஏற்பாடு |
| ஒரே முகம் | அரிது | ஓரளவு | பெரும்பாலும் |
| மறைந்த செலவு | அடிக்கடி மாறுவது, மறுபதிவுக் கட்டணம் | முன்பணம், தனித்தனி பில் | லீவு, அட்வான்ஸ், முதலாளிப் பொறுப்பு |
| யாருக்கு | குறுகிய கால, எளிய தேவை | நர்ஸ் வேலை, வெளியூர்ப் பிள்ளைகள் | நீண்ட காலம், மறதி நோய் |

## அரசு தரும் கை

மூன்றில் எதை எடுத்தாலும் கூடவே வைத்துக்கொள்ள வேண்டியது மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கு வரும். படுக்கையில் இருப்பவர்களுக்குப் பிசியோதெரபியும், முற்றிய நோயில் வலியைத் தணிக்கும் செவிலியர் கவனிப்பும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கலாம், 104-க்குப் போன் செய்தும் விசாரிக்கலாம். அவர்கள் வந்து போகிறவர்கள், நாள் முழுக்க உட்கார மாட்டார்கள். ஆனால் உங்கள் அட்டெண்டரின் வேலையைப் பயிற்சி உள்ள வேறொரு கண் அவ்வப்போது பார்க்கும். காசில்லாத மேற்பார்வை, விடாதீர்கள்.

## 24 மணி நேரம் என்ற கணக்கு

மூன்றிலும் பொதுவாக விழும் குழி இது. ‘24 மணி நேர ஆள்’ என்று ஒருவரைத்தான் அனுப்புவார்கள். அவரும் தூங்க வேண்டும். பெரியவர் ராத்திரி ஒரு முறை எழுந்தால் சரி. மூன்று நான்கு முறை எழுந்தால், அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டியிருந்தால், பத்தாவது நாள் அந்த ஆள் பகலில் நின்றுகொண்டே தூங்குவார். பாத்ரூமில் பிடி நழுவுவது அப்படித்தான். அந்த நிலைமைக்குப் பகல் ஷிப்ட் ஒருவர், ராத்திரி ஷிப்ட் ஒருவர் வேண்டும். அல்லது ராத்திரி ஒரு பகுதியை வீட்டார் எடுத்துக்கொள்ள வேண்டும்.

செலவைப் போடும்போது இதையும் சேர்த்துப் போடுங்கள். ஒரு பேச்சுக்கு ஒரு ஷிப்ட் தினம் 900 ரூபாய் என்றால் மாதம் 27,000. இரண்டு ஷிப்ட் என்றால் 54,000. ஒரு நாளைக்கு நான்கு டயப்பர் வீதம் மாதம் 120. ஒன்று 40 ரூபாய் என்று வைத்தால் 4,800. தங்குகிற ஆளானால் மூன்று வேளைச் சாப்பாடு தனி. இப்படி எழுதிப் பார்த்தபின் மலிவாகத் தெரிந்த ஏற்பாடு சில சமயம் மலிவாக இருக்காது.

அந்த ஆள் எங்கே படுப்பார், எங்கே சாப்பிடுவார் என்பதையும் தரத்தோடு சேர்த்தே பேச வேண்டும். தனித் தட்டு, சமையலறைக்குள் வராதே, ஹாலில் பாய் என்று நடத்துகிற வீட்டில் நல்ல ஆள் நிலைக்க மாட்டார். அப்புறம் “ஆளே சரியில்லை” என்று ஏஜென்சியைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. ஆண் நோயாளிக்குப் பெண் அட்டெண்டர் வைத்திருந்தால், ஐயா கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறாரா என்று வீட்டுப் பெண்கள் அவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். சங்கடமான பேச்சுதான். கேட்டே ஆக வேண்டும்.

## முதல் போனும் முதல் வாரமும்

நீங்கள் கேட்கும் கேள்விகளைவிட அவர்கள் உங்களிடம் கேட்பதைக் கவனியுங்கள். “ஆள் இருக்கு சார், நாளைக்கே அனுப்பிடறோம், ஜிபே பண்ணிடுங்க” என்று முடிப்பவர்கள் ஒரு வகை. “எத்தனை கிலோ இருப்பார்? ட்யூப் இருக்கா? ராத்திரி எத்தனை தடவை எழுந்திருப்பார்? தூக்க வீட்டில் இன்னொரு ஆம்பளை இருக்காங்களா?” என்று கேட்பவர்கள் இன்னொரு வகை. 85 கிலோ நோயாளிக்கு 45 கிலோ பெண்ணை அனுப்பாமல் இருப்பதற்கு அந்த முதல் கேள்வி போதும். இரண்டாவது வகையில் ரேட் கொஞ்சம் கூட இருந்தாலும் அங்கேயே பேசுங்கள்.

எழுத்தில் வாங்க வேண்டியவை சில: வேலைகளின் பட்டியல், ஷிப்ட் நேரம், ஆள் வராவிட்டால் எத்தனை மணி நேரத்தில் மாற்று, பாதியில் நிறுத்தினால் முன்பணத்தை எப்படிக் கணக்கிட்டுத் திருப்புவார்கள், ஆதார் நகல், அவசரத்துக்கு யார் எண். ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் போதும். சேவையில் குறை என்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையிடலாம். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். முதியவரை அடிப்பது, பட்டினி போடுவது போன்ற சந்தேகம் வந்தால் முதியோர் உதவி எண் 14567. காயம் கண்ணில் பட்டால் யோசிக்காமல் போலீஸ்.

வெளியூர்ப் பிள்ளைகள் எல்லோரும் கேட்பது கேமரா. ஹாலில் வையுங்கள், அவருக்குச் சொல்லிவிட்டு வையுங்கள். குளிப்பாட்டும் இடத்திலும் டயப்பர் மாற்றும் கட்டிலுக்கு நேரேயும் வேண்டாம்; மகனே ஆனாலும் அப்பாவின் மானம் அது. தினமும் வேறு வேறு நேரத்தில் ஒரு வீடியோ கால் போட்டு, அப்பாவிடமே இரண்டு வார்த்தை பேசுங்கள். வாரம் ஒரு முறை பக்கத்து வீட்டு மாமியைச் சொல்லாமல் கொள்ளாமல் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கேமராவில் வாசனை வராது. மாமி உள்ளே நுழைந்ததுமே சொல்லிவிடுவார்.

முதல் வாரத்தில் ஒரு நாளாவது குளியலின்போது கூட இருங்கள். தண்ணீர்ச் சூட்டைக் கையால் பார்க்கிறாரா, விரல் இடுக்கைத் துடைக்கிறாரா, முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மாத்திரையைத் தொடுகிறாரா என்று தெரிந்துவிடும். சின்னக் குறைகளைச் சொல்லிக்கொடுத்துத் திருத்தலாம். அதட்டல், கிள்ளல், பொய்க் கணக்கு இவற்றைத் திருத்த முடியாது, அன்றைக்கே மாற்றுங்கள். மற்ற காரணத்துக்காக மாற்றுவதாக இருந்தால் பழைய ஆளும் புது ஆளும் ஒரு நாள் சேர்ந்து இருக்கும்படி ஏற்பாடு செய்து, அந்த ஒரு நாளுக்கு இரண்டு சம்பளம் கொடுத்துவிடுங்கள். எந்தத் தோளைப் பிடித்துத் தூக்கினால் அப்பா கத்துவார் என்பது நோட்டில் இருக்காது.